சபேசனின் இலை

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு வயிறு இருந்ததாம். அந்த வயிற்றுக்கு ஒரு மனிதர் இருந்தாராம். ஊர் நங்கநல்லூர். மனிதரின் பெயர் பஞ்சாபகேசன், கூப்பிடுவது பஞ்சு. ராஜா ராணிக் கதைகளில் ராஜா வேட்டைக்குப் போவார், வருவார், ராட்சசனைக் கொல்வார், ஆனால் என்ன சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. பஞ்சுவின் கதையில் அது ஒன்றுதான் உண்டு. அவருடைய வேலையே சாப்பிடுவதுதான், அதுவும் செத்துப்போனவர்களுக்காக. திவசத்தன்று ஒருவரை உட்கார்த்தி வைத்து, காலை அலம்பிவிட்டு, எள்ளும் தண்ணீரும் விட்டு, செத்தவரை அந்த உடம்புக்குள் வரவழைத்து இலை போடுவார்களே, அந்த இலையில் உட்காருகிறவர் பஞ்சு. எத்தனையோ பேருக்கு அப்பாவாகவும் தாத்தாவாகவும் இருந்து சாப்பிட்டிருக்கிறார், சில வீடுகளில் அம்மாவாகக்கூட. இன்றைக்கு அவர் சபேசன். லோகா மாமியின் புருஷன், ஸ்டேட் போர்டு கணக்கு வாத்தியார், போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஹாலில் சோபாவை நிமிர்த்திச் சுவரோரம் சாத்திவிட்டு இரண்டு பலகை போட்டிருந்தார்கள். தேவர்களுக்கான பலகையில் சேதுராமன் என்கிற ஒல்லியான இளைஞன், இலை முடிந்ததும் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு அடுத்த ஜோலிக்கு ஓடுகிறவன். வடக்கே பார்த்த பலகையில் பஞ்சு. நுனி இலை போட்டாகிவிட்டது. தண்ணீர் தெளித்த இலையின் பச்சை, கண்ணுக்குள் ஏதோ ஒரு பழைய இடத்தைப் போய்த் தொட்டது, தொட்டு, அங்கே ஒன்றும் அசையாமல் திரும்பி வந்தது. முன்னெல்லாம் இந்த நேரத்தில் வயிறு முனகும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்ட நாய் மாதிரி எழுந்து நிற்கும். இப்போது உள்ளே யாரும் இல்லை.

பலகையில் உட்காரும்போது முட்டி மடங்கியது. அதுதான் வேடிக்கை. போன வருஷம் மடங்க மறுத்தது. அம்பத்தூரில் ஒரு வீட்டில் சாப்பிட்டு முடித்து ஆசீர்வாதமும் பண்ணிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார், உடம்பு வரவில்லை. பூமி பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் ஒரு அக்குளிலும் சமையல்காரர் ஒரு அக்குளிலும் கையைக் கொடுத்துத் தூக்கினார்கள், தூக்கும்போது யாருக்கோ இடுப்பில் சுளுக்கியது, அந்த வீட்டு மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் பால்கனிக்குப் போய்விட்டாள். பித்ருவை நாற்காலியில் உட்கார்த்தி இலை போடுவதற்கு மந்திரம் சொல்லிவைக்கிற எந்த வாத்தியார் சம்மதிப்பார்? தரையில் உட்கார முடியாதவனுக்கு இந்த வேலை இல்லை. கோயம்புத்தூரிலிருந்து பெண் வித்யா வந்து, அப்பா, இது இப்படியே போனா உங்களைக் கட்டிலோட சேர்த்துத்தான் தூக்கணும், என்று அழுதாள். டாக்டர் வயிற்றைப் படம் போட்டுக் காட்டினார். பெரிய பூசணிக்காய் மாதிரி ஒன்று, அதில் முக்காலுக்கு மேலே கோடு போட்டு வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழம் அளவுக்குத் தைத்துவிடுவார்களாம். எடை இறங்கும், முட்டி மடங்கும், சர்க்கரை அடங்கும், எல்லாம் நடக்கும். எல்லாம் நடந்தது. உட்காருவதற்காக வயிற்றை வெட்டிக்கொண்டார். உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து என்ன செய்வது என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை, இல்லை, யோசித்தார், யோசித்து ஒரு பதில் வைத்திருந்தார், அந்தப் பதில் இப்போது இந்த இலையின் முன்னால் சின்னப் பையன் மாதிரி முழித்தது.

காலையில் உள்ளே நுழையும்போதே மகாலிங்க வாத்தியார் பிடித்துக்கொண்டார். "என்ன ஓய், ஆத்துல பாதி ஆளைத்தான் அனுப்பியிருக்காளா? மீதி எங்கே?" பஞ்சு சிரித்து, "ஹெர்னியா ஆபரேஷன் வாத்யாரே. டாக்டர் கொஞ்சம் குறைக்கச் சொல்லிட்டார்" என்றார். ஊர் பூராவும் சொல்லி வைத்திருந்த அதே ஹெர்னியா. "குறைங்கோ, குறைங்கோ. இலையில மட்டும் குறைச்சுடாதேயும். இந்த மாமிக்கு உம்மை விட்டா வேற பித்ரு கிடையாது" என்று வாத்தியார் தர்ப்பையைப் பிரித்துக்கொண்டே சொன்னார். சேதுராமன் பக்கத்தில் நின்று, "கண்ணாடியில பார்த்தா நீங்களே உங்களுக்கு நமஸ்காரம் பண்ணுவேள் மாமா, அவ்வளவு மாறிட்டேள்" என்றான். மாறியது உண்மைதான். தோள் தோலெல்லாம் துவண்டு, பூணூல் இடுப்புக்குக் கீழே தொங்கியது, அதை இரண்டாக முடிந்து போட்டிருந்தார். தலைமுடி சீப்போடு வந்தது. ஆனால் யாரும் கேட்காத ஒன்றுதான் முக்கியம். நேற்று ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, திவசத்துக்கு உட்காருகிறவர் சாப்பிடக் கூடாது. நாளெல்லாம் கொறித்துக் கொறித்து, மடக்கு மடக்காகக் குடித்து ஓட்ட வேண்டிய உடம்பு இது. பெண்டாட்டி பாகீரதி விடிகாலையில் டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள். "ஏன்னா, அந்தப் புரோட்டீன் பொடியையாவது கரைச்சுக் குடிச்சுட்டுப் போங்கோ. மயக்கம் போட்டு விழுந்தா யார் பார்ப்பா?" "இலைக்கு முன்னாடி எதுவும் கூடாதுடி." "வர முடியாதுன்னு ஒரு போன் பண்ணிடுங்கோளேன். வேற யாரும் இல்லாமலா போயிடுவா?" வேறு யாரும் இருப்பார்கள். நிறைய இருப்பார்கள். ஆனால் சபேசனாக யாரும் இல்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது.

பரிமாற ஆரம்பித்தார்கள். சபேசனின் பிள்ளை அரவிந்த், பஞ்சகச்சம் இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் வைத்தான். வாழைக்காய்க் கறி, பாகற்காய்ப் பிட்லை, புடலங்காய்க் கூட்டு, பிரண்டைத் துவையல், இஞ்சி, மாங்காய், வடை, அதிரசம், எள்ளுருண்டை, சொஜ்ஜியப்பம், தேன் ஒரு சொட்டு, சாதம், பருப்பு, மேலே நெய். இலை கொள்ளவில்லை. பஞ்சு பார்த்துக்கொண்டே இருந்தார். டயட்டீஷியன் பெண் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று கொடுத்திருந்தாள், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, கரடி படம் போட்டது. இவ்வளவுதான் அங்கிள், இதுக்கு மேல போனா அது தானா வெளியில வந்துடும். ஷெரின் என்று பெயர், நல்ல பெண், முதல் நாள் அவள்தான் கேட்டாள், ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுவீங்க என்று. காலையில ஒரு காபி, மத்தியானம் கொஞ்சம் சாதம், ராத்திரி ரெண்டு தோசை, என்றார். அவ்ளோதானா, இந்த வெயிட்டுக்கு இது கணக்கே வரலையே. பாகீரதி பக்கத்திலிருந்து, திவசச் சாப்பாட்டைச் சொல்லுங்கோ, என்றாள். அது நான் சாப்பிடறது இல்லையேம்மா, என்றார் பஞ்சு. பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார், இத்தனை வருஷமும் அப்படித்தான் நம்பினார். பின்ன யாரு சாப்பிடறாங்க? அது அன்னன்னைக்கு ஒருத்தர், வாத்தியார் சொல்லுவார், என்றார். அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள், பாகீரதியும் சிரித்தாள், அவரும் சிரித்தார். ஆனால் உள்ளே ஒரு சின்னக் கோபம். வாய் என்பது வாசல்தானே, யாரோ போகிற வழி. அவர் கதவைத் திறந்துவிடுகிறவர். சதை எப்படி அவர்மேல் ஏறியது என்பது அவருக்கு நிஜமாகவே புரியாத விஷயமாக இருந்தது. அதே நம்பிக்கையைத்தான் இன்றைக்கும் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வெட்டியது பஞ்சுவின் வயிறு. இன்றைக்கு உட்கார்ந்திருப்பது சபேசன். சபேசனுக்கு யார் ஆபரேஷன் பண்ணினார்கள்?

அரவிந்த் குனிந்து, அவருடைய வலது கட்டைவிரலைப் பிடித்து இலையில் இருந்ததையெல்லாம் தொட வைத்தான். அதுதான் முறை, விரல் தொட்ட பிறகுதான் அது அப்பாவுடையது. பிள்ளையின் கை சில்லென்று இருந்தது, வேர்த்திருந்தது. ஐடி கம்பெனிக் கை, தர்ப்பை கீறி விரலில் ஒரு சிவப்புக் கோடு. விரலைச் சோற்றில் அழுத்தும்போது சூடு ஏறியது, ஏறி மணிக்கட்டோடு நின்றுவிட்டது. "சௌகரியமா சாப்பிடுங்கோ" என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்லிவிட்டு நிமிர்ந்தான். இனிமேல் பேச்சு கிடையாது. சாப்பிடுகிறவர்கள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, நன்றாயிருக்கிறது என்றும் கூடாது, உப்பில்லை என்றும் கூடாது, போதும் என்றால் கையை மறித்துக் காட்டலாம், அவ்வளவுதான். வாத்தியார் மந்திரத்தைத் தொடங்கினார். சமையல்கட்டு வாசலில், கதவின் விளிம்புக்கு அந்தப் பக்கம், ஒரு பழுப்புப் புடவைத் தலைப்பு தெரிந்தது. லோகா மாமி வந்து நின்றுவிட்டாள். நிற்பாள், ஒவ்வொரு வருஷமும் நிற்பாள், இலை முடிகிற வரைக்கும் நகர மாட்டாள். பஞ்சு நிமிரவில்லை. நிமிராமலே அவள் பார்வை இலையின்மேல் விழுவது தெரிந்தது, வெயில் விழுகிற மாதிரி.

சபேசன் பசியோடு செத்தவர். அது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். லோகா, பசிக்கறது, ஏதாவது குடேன், என்று கேட்டிருக்கிறார். நல்ல சாப்பாட்டுக்காரர். நாளைக்குத் தரேன், என்று மாமி சொல்லியிருக்கிறாள். நாளை வரவில்லை. முதல் வருஷத் திவசத்துக்குப் பஞ்சு தற்செயலாகத்தான் வந்தார், வேறு யாரோ வரவேண்டியது, ஜுரம் என்று நின்றுவிட்டார். அன்றைக்கு என்ன பசியோ, பஞ்சு சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்து வாத்தியாரே மந்திரத்தை ஒரு இடத்தில் விட்டுவிட்டார். மோர்க்குழம்பு வேண்டும் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டி வாங்கினார். சமையல்கட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது, விக்கல் மாதிரி. மாமி அழுதுகொண்டிருந்தாள். பிறகு வாசலில் வந்து, யாருக்கும் கேட்காமல், "ஆறித்து மாமா. அவருக்குப் பசி ஆறித்து" என்றாள். அதிலிருந்து பஞ்சுதான் வரவேண்டும். நமக்கு ஒரு வருஷம் என்றால் செத்தவர்களுக்கு அது ஒரு நாளாம், ஆகவே ஒரு திவசம் என்பது ஒரு நாள் சாப்பாடு, மாமி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். காய்கறிக் கடையில் பார்த்தால்கூட, ஊரிலிருந்து வந்த உறவுக்காரரிடம் கேட்பதுபோல, நன்னா இருக்காரா, என்று ஒரு கேள்வி. நன்னா இருக்கார் மாமி, என்று பஞ்சு சொல்வார். சொல்லும்போது அது பொய் என்று தோன்றினதே இல்லை. வயிறு நிறைந்தவர் நன்றாகத்தானே இருப்பார்.

பருப்புச் சாதத்தில் ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்து வாயில் போட்டார். மெல்லு. கூழாகிற வரைக்கும் மெல்லு, விழுங்காதே, அதுவே போகட்டும். ஷெரின் குரல். நெய் நாக்கில் உருகியது, ருசி இருந்தது, ருசி எங்கேயும் போகவில்லை, அதுதான் கொடுமை. போனது பசி. பசி இருந்த இடத்தையே வெட்டி எடுத்துவிட்டார்களாம், அது ஒரு சுரப்பு, வயிற்றின் அந்த ஓரத்தில்தான் ஊறுமாம், டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார், இனிமே பசியே எடுக்காது சார். பசி எடுக்காத மனிதன் காலையில் எதற்காக எழுந்திருப்பான் என்பதை அந்த டாக்டரிடம் கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பது சொச்சம் வருஷம் கூடவே இருந்த ஒன்று. காபி வாசனைக்குக் கண்ணைத் திறந்தது, தெருமுனையில் பஜ்ஜி போட்டால் சட்டையைப் பிடித்து இழுத்தது, துக்கத்தில்கூட ஒரு ஓரமாக உட்கார்ந்து என்ன பண்ணியிருக்கா என்று கேட்டது. அது செத்துப்போனதற்கு யாரும் தலை முழுகவில்லை. வீட்டில் பாகீரதி இப்போதெல்லாம் சமையல்கட்டில் நின்றுகொண்டே சாப்பிடுகிறாள், அவர் பார்க்கக் கூடாதாம். அப்பளம் கடித்தால் சத்தம் கேட்கும் என்று ரசத்தில் ஊறப்போட்டு நமத்துப்போக வைத்துத் தின்கிறாள். அந்தச் சத்தமில்லாத அப்பளம் அவருக்கு ஹாலில் உட்கார்ந்து கேட்கும். நீ நன்னா கடிச்சுச் சாப்பிடேண்டி, என்று ஒருநாள் சொன்னார். நீங்க சாப்பிடாத ஆத்துல எனக்கு எதுக்கு மொறுமொறுன்னு, என்றாள். அப்புறம் இரண்டு பேரும் டிவி பார்த்தார்கள். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவர்கள் பேசிக்கொண்டது பூராவும் இன்னிக்கு என்ன, நாளைக்கு என்ன, அந்தக் கூட்டுல கொஞ்சம் காரம், என்பதுதான் என்று இப்போதுதான் தெரிகிறது. அதை எடுத்துவிட்டால் பேச ஒன்றும் இல்லை.

இரண்டாவது வாய். பாகற்காய். மூன்றாவது. சேதுராமன் இதற்குள் மோர்க்குழம்புக்கு மாறிவிட்டான், அவன் இலையில் வாழைக்காய் காலி, துவையல் காலி. மூக்கு ஒழுக ஆரம்பித்தது. அதுதான் அடையாளம், நிறைந்துவிட்டது என்பதற்கு. முன்னெல்லாம் ஏப்பம் வரும், இப்போது மூக்கு ஒழுகுகிறது. ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது சிரித்தார்கள், நல்ல அலாரம் அங்கிள். அங்கவஸ்திரத்தால் துடைத்துக்கொண்டார். இலையைப் பார்த்தார். யாரும் உட்காராத இலை மாதிரி இருந்தது. கொஞ்சம் மிச்சம் வைக்கணும் என்று சாஸ்திரமே சொல்கிறது, கடைசியில் எல்லாவற்றையும் வழித்துவிடக் கூடாது, கதியில்லாமல் போனவர்களுக்கு அந்த எச்சில்தான் பங்கு. அப்படியானால் இன்றைக்குக் கதியில்லாதவர்களுக்கு நல்ல விருந்து. சிரிப்பு வந்தது, சிரித்தால் உள்ளே இருப்பது அசைந்தது, நிறுத்திக்கொண்டார். வடையைப் பிட்டுப் பிட்டுப் பரப்பினார். அதிரசத்தை இரண்டாக உடைத்துக் கூட்டின் அடியில் தள்ளினார். சாதத்தைப் பிசைந்து ஓரத்தில் ஒதுக்கிக் குழி பண்ணினார். ஸ்கூல் பிள்ளை டிபன் பாக்ஸில் பண்ணுகிற வேலை. அரவிந்த் அன்னக்கையோடு வந்து நின்றான். கையை மறித்தார். "மாமா, அம்மா வைக்கச் சொன்னா" என்று தாழ்ந்த குரலில் சொன்னான் பிள்ளை, சொல்லி, மறித்த கையைச் சுற்றிக்கொண்டு வைத்தான், மேலே மோர்க்குழம்பு விட்டான். கதவு ஓரத்துப் புடவைத் தலைப்பு ஒரு சாண் முன்னால் வந்திருந்தது.

சரி, என்று பஞ்சு நினைத்தார். அல்லது யாரோ நினைத்தார்கள். சரி, இப்போது சபேசன் சாப்பிடட்டும். நான் நகர்ந்துகொள்கிறேன். இத்தனை வருஷம் வாசலாக இருந்தவன், இன்றைக்கு மட்டும் ஏன் நடுவில் நின்று மறித்துக்கொண்டிருக்கிறேன், கணக்குப் பார்த்துக்கொண்டு, கரடிக் கிண்ணத்தை நினைத்துக்கொண்டு. சபேச மாமா, வாங்கோ. உங்காத்து மோர்க்குழம்பு. கண்ணை மூடிக்கொண்டார். மூடினதும் அந்தப் பழைய இருட்டு, பசி குடியிருந்த இருட்டு, அதில் யாரோ வருகிற மாதிரி இருந்தது, செருப்பைக் கழற்றுகிற மாதிரி, துண்டால் முகம் துடைக்கிற மாதிரி. கை தானாகப் பெரிய கவளமாக எடுத்தது, முன்னெல்லாம் எடுக்கிற அளவு, உள்ளங்கை நிறைய. வாய் திறந்தது. உள்ளே போனது. இன்னொன்று. மோர்க்குழம்பின் புளிப்பு, தேங்காய், சேப்பங்கிழங்கின் வழுவழுப்பு. இன்னொன்று. ஒரு கணம், ஒரே ஒரு கணம், எல்லாம் சரியாகிவிட்டது, அவர் பருமனாக இருந்தார், யாருடைய அப்பாவாகவோ இருந்தார், கதவுக்குப் பின்னால் ஒரு பெண் மூச்சு விட்டாள். அப்புறம் நெஞ்செலும்புக்கு நடுவில் யாரோ முழங்கையை வைத்து அழுத்தினார்கள். போனது நின்றுவிட்டது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. கல். சபேசன் வரவில்லை. யாருமே வரவில்லை. இதற்கு முன்னாலும் யாரும் வந்ததில்லையோ? அந்த முதல் வருஷம் மோர்க்குழம்புக்குக் கையை நீட்டினது யார்? அம்பத்தூரிலும் மாம்பலத்திலும் ஊர் ஊராக உட்கார்ந்து தின்றது யார்? அந்தச் சதை யாருடையது? வெட்டி வாளியில் போட்டார்களே, அதில் எத்தனை பேருடைய அப்பா?

வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது. நுரை நுரையாக, கொழகொழவென்று, விழுங்கினால் இறங்காமல் மறுபடி மேலே வந்தது. இதற்கு அடுத்தது என்ன என்று அவருக்குத் தெரியும். வீட்டில் என்றால் பாத்ரூமுக்கு ஓடுவார், பாகீரதி வெளியில் நின்று, ஆச்சா, ஆச்சா, என்பாள். இங்கே எழுந்திருக்கக் கூடாது. இலையில் உட்கார்ந்தவர் வாந்தி எடுத்தால் திவசம் கெட்டது. அந்தப் பிள்ளை நாளைக்கு மறுபடி பட்டினி கிடந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து பண்ணவேண்டும், அதைக்கூடப் பண்ணிவிடலாம், ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறவளின் கண் எதிரில், அவள் புருஷன் அவள் சமைத்ததை இலையிலேயே திருப்பிக் கொடுத்தால். வேண்டாம். எதுவும் வேண்டாம், இது மட்டும் நடக்காமல் இருந்தால் போதும். முதுகை நிமிர்த்தினார். மூக்கால் மூச்சு. சுவரில் காலண்டர், அதில் ஒரு பிள்ளையார், பிள்ளையாரின் தொப்பை, அதைப் பார்க்காதே. ஃபேன். ஃபேனில் ஒரு ஒட்டடை. அதைப் பார். வாத்தியார் மந்திரத்தை விடாமலே ஓரக்கண்ணால் பார்த்தார். பாயசம் வந்தது. மறித்த கையைப் பார்த்து அரவிந்த் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான், பார்த்துவிட்டு இலையில் ஊற்றினான். உதடு நனைகிற அளவு ஒரு சொட்டு எடுத்து வைத்தார் பஞ்சு, ஒன்றுமே தொடாமல் இருக்கக் கூடாதே என்று. அந்த ஒரு சொட்டு போதும் போலிருக்கிறது, அல்லது முன்னால் போனதுதானோ, நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாகக் கிளம்பியது, நெஞ்சு குதிரை மாதிரி ஓடியது, காதில் கும்மென்று ஒரு சத்தம், ஹால் தூரத்துக்குப் போய்ச் சின்னதாகத் தெரிந்தது. சேதுராமன் தயிர்ச் சாதத்தை முடித்து உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தான். எவ்வளவு சுலபமாக. ஒரு மனிதன் எவ்வளவு சுலபமாக ஒன்றை விழுங்கிவிடுகிறான்.

"கேளுங்கோ" என்றார் வாத்தியார். அரவிந்த் கைகூப்பிக்கொண்டு நின்றான். "திருப்தியா?" என்று கேட்டான். முதலில் சேதுராமனிடம். "திருப்தி" என்றான் அவன், பலமாக. பிறகு இந்தப் பக்கம் திரும்பி. "திருப்தியா?" பஞ்சு வாயைத் திறக்கப் பயந்தார். திறந்தால் என்ன வரும் என்று தெரியவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். சமையல்கட்டில் பைப் சொட்டியது. எச்சிலை ஒரு பக்கக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, "திருப்தி" என்றார். தொண்டை வரைக்கும் நிறைந்துதான் இருந்தது, இதற்கு மேல் ஒரு பருக்கை தாங்காது, இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை இவ்வளவு நிஜமாக அவர் சொன்னதில்லை. இலையில் சாதம் மலையாக இருந்தது. லோகா மாமி கதவைத் தாண்டி வந்து அந்த இலையைப் பார்த்தாள். வரக் கூடாது, இலை எடுக்கிற வரைக்கும் வரமாட்டாள், இன்றைக்கு வந்தாள். வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்து, அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார்.

மிச்சக் காரியங்கள் நடந்தன. பிண்டம் வைத்தார்கள், அரவிந்த் நமஸ்காரம் பண்ணினான், பஞ்சு அட்சதையைப் போட்டார், எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போலிருந்தது. அந்தக் கல் அப்படியே இருந்தது. வாசல் கேட் வரைக்கும் பின்னாலேயே வந்து வழியனுப்ப வேண்டும் என்பது முறை, அரவிந்த் வந்தான், சுற்றி வந்து கும்பிட்டான். மகாலிங்க வாத்தியார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஞ்சுவின் காதருகில், "உடம்பு முடியலைன்னா நேத்திக்கே சொல்லியிருக்கப்படாதா ஓய்" என்றார். கோபமில்லை, அலுப்புதான். சேதுராமனின் ஸ்கூட்டர் பின்னால் ஏறிக்கொண்டு போய்விட்டார். காக்கைக்கு வைக்கணும் என்று அரவிந்த் மொட்டைமாடிக்கு ஓடினான். பஞ்சு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவோரம் சாக்கடை மூடியில் ஒரு ஓட்டை இருந்தது. அங்கே போய்விடலாம், யாரும் இல்லை, ஆட்டோக்காரர் ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார், அவர் பார்க்க மாட்டார். "மாமா" என்று பின்னால் குரல் கேட்டது.

லோகா மாமி கேட்டுக்கு உள்பக்கம் நின்றாள். மூச்சு வாங்கியது. "சமையல்ல ஏதாவது குறையா?" என்றாள். "அதெல்லாம் இல்லை மாமி." பல்லுக்கு இடையில் பேசினார். "மோர்க்குழம்பு புளிச்சுடுத்தோ? தயிர் நேத்திக்குத்தான் தோய்ச்சேன்." "நன்னா இருந்தது." "அப்போ ஏன் சாப்பிடலை? அவருக்கு என்மேல என்ன கோபம்?" பஞ்சுவிடம் கேட்கவில்லை அவள். பஞ்சுவின் முகத்துக்குள் வேறு ஒருவரைத் தேடிக்கொண்டு கேட்டாள், அவர் அங்கே நின்றுகொண்டு பதில் சொல்லாமல் இருப்பதுபோல. "அன்னிக்குக் குடுக்கலைன்னு இப்போ காட்டறாரா? டாக்டர் சொன்னதைத்தானே நான் கேட்டேன்?" அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு இன்னொரு ஹெர்னியாவைச் சொல்ல முடியவில்லை. இதைச் சொல்லிவிட்டால் சபேசனுக்கு அவள்மேல் கோபமில்லை என்றாவது ஆகும், அது போதும், தன்னைப் பற்றி என்ன நினைத்தாலும் போகிறது. "அவர் இல்லை மாமி. நான்தான். எனக்கு வயித்தை வெட்டி எடுத்துட்டா, இளைக்கறதுக்கு. இத்தனூண்டுதான் இருக்கு. அஞ்சு வாய்க்கு மேல இறங்காது." கையைக் குவித்துக் காட்டினார். "யாருக்கும் சொல்லலை. இன்னிக்கு எப்படியாவது போயிடும்னு நினைச்சேன்."

மாமி அந்தக் குவிந்த கையைப் பார்த்தாள். அவள் முகம் லேசாகும் என்று பஞ்சு எதிர்பார்த்தார். முதலில் லேசானது போலத்தான் இருந்தது, பிறகு அதில் ஏதோ ஒரு கணக்கு ஓடியது, ஓடி முடிந்து நின்றது. "முன்னாடியே சொல்லியிருந்தேள்னா வேற யாரையாவது உட்கார்த்தி வெச்சிருப்பேனே மாமா" என்றாள். திட்டவில்லை. நகையைக் கழற்றி வைத்த இடம் நினைவுக்கு வராதவள் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். "இனிமே ஒரு வருஷம் ஆகுமே அவருக்கு."

பஞ்சுவுக்கு வாய் நிறைந்துவிட்டது. பதில் சொல்ல உதட்டைப் பிரிக்க முடியவில்லை. மாமி திரும்பினாள். முட்டிவலிக்காரி, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, கார் நிறுத்துகிற இடத்தைத் தாண்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு, படி ஏறப் போனாள். கேட் கம்பியைப் பிடித்திருந்த கைமேல் மூக்கிலிருந்து நீர் சொட்டியது. இன்னும் கொஞ்சம், அவள் பார்க்கிற இடத்தில் வேண்டாம், இன்னும் இரண்டு படி. மாமி நடுப்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மறுபடி காலை எடுத்து வைத்தாள். பழுப்புப் புடவை வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் பஞ்சு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். மறைந்தது.